குக்கர் கதை

அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தபோது ஒரு ஆங்கில நாவலை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். 'படிச்சுட்டுச் சொல்லுங்க சித்தப்பா' என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அட்டையில் ஓட்டு வீடு, ரோஜாக்கொடி, ஒரு பூனை. இம்மாதிரி அட்டைகளைக் கண்டால் விலகிப் போகிற வயசும் பழக்கமும் எனக்கு. ஆனாலும் இரண்டு ராத்திரிகளில் படித்து முடித்தேன்.

நாவலின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. இந்த அச்சில் வார்த்த புத்தகங்கள் அங்கே நிறைய வருகின்றன. இங்கிலாந்தின் ஒரு சின்ன கிராமம். பட்டணத்தில் வேலை போய், அத்தை விட்டுச் சென்ற டீக்கடையை நடத்த வருகிறாள் ஒருத்தி. அதே ஊரில் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள் இன்னொருத்தி. இருவரும் ஒருவரை ஒருவர் காதலிக்கிறார்கள். கோடைத் திருவிழாவில் கேக் போட்டி. ஒருத்தி போட்டியிடுகிறாள், மற்றவள் நடுவர். நாவல் முழுவதிலும் இதைத் தவிர வேறு இடையூறு கிடையாது. தபால்காரர், பாதிரியார், காது மந்தமான கிழவி என்று ஊரில் அத்தனை பேருக்கும் விஷயம் இவர்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. எப்போது வாயைத் திறந்து சொல்லிக்கொள்வார்கள் என்று மதுக்கடையில் பந்தயம் நடக்கிறது. யாரும் சாகவில்லை. ஒரே ஒரு தடவை அழுகை வருகிறது. அதுவும் நாய் காணாமல் போனதற்காக.

முடித்தபோது எனக்குக் கோபம் வந்தது. முதலில் அதை இலக்கியக் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நாற்பது வருஷமாக நல்ல எழுத்து, தீவிர எழுத்து என்று பேசிப் பழகிய வாய்க்கு இந்தச் சர்க்கரை ஒத்துவரவில்லை என்று நினைத்தேன். மறுநாள் காலை நடக்கப் போனபோது, வறண்டு கிடக்கும் பாலாற்றுப் பாலத்தின் மேல் நிற்கையில், கோபத்தின் காரணம் வேறு என்று புரிந்தது. இதே கதையை நான் ஏற்கனவே படித்திருக்கிறேன். தமிழில், கையெழுத்துப் பிரதியில், 1988இல். படித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

*

அப்போது நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சிறு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தோம். அதன் பெயரைச் சொன்னாலும் இதைப் படிக்கிறவர்களில் நாலைந்து பேருக்குத்தான் ஞாபகம் வரும். வாணியம்பாடியில் ஒரு டிரெடில் அச்சகம். கல்யாணப் பத்திரிகையும் தோல் கம்பெனிகளின் பில் புத்தகமும் அடித்து ஓய்ந்த நேரத்தில் எங்கள் பாரங்கள் ஏறும். கவிதை, விமர்சனம், எப்போதாவது ஒரு சிறுகதை. 'எழுத்து' போட்ட பாதையின் தொலைதூர ஓரத்தில் நாங்களும் நடப்பதாக ஒரு நினைப்பு.

அந்தக் கதை ஆம்பூரிலிருந்து வந்தது. நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். ஒரு பெண்ணின் பெயர், அது புனைபெயராகவும் இருக்கலாம். தபால்தலை ஒட்டிய உறை ஒன்றும் கூடவே இருந்தது. கதையை நான் இப்போது சொல்வது நினைவிலிருந்துதான். பிரதியை உறையில் போட்டு அனுப்பியவன் நானே.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. ஷூவின் மேல்பாகத்தை, 'அப்பர்' என்பார்கள், தைக்கிற லைனில் இரண்டு பெண்கள். தோலின் ஓரத்தை மெஷினில் மெலிதாகச் சீவித் தள்ளுகிறவள் ஒருத்தி. சீவிய துண்டுகளைச் சேர்த்துத் தைக்கிறவள் இன்னொருத்தி. கதையில் அவர்களுக்குப் பெயர் இல்லை. 'ஸ்கைவிங்', 'ஸ்டிச்சிங்' என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். லைனில் அப்படித்தான் வழக்கம் போலிருக்கிறது. இருவரும் சேர்ந்து சீட்டுக் கட்டி ஒரு பிரஷர் குக்கர் வாங்குகிறார்கள். யார் வீட்டில் வைப்பது? ஒரு வாரம் இவள் வீடு, ஒரு வாரம் அவள் வீடு என்று முடிவாகிறது. துண்டில் சுற்றிய குக்கர் திங்கட்கிழமைதோறும் கம்பெனி பஸ்ஸில் பிரயாணம் செய்கிறது. 'இந்த வாரம் எந்த ஊர்ல விசில்?' என்று பஸ்ஸே கேட்கிறது. ஒரு சண்டை வருகிறது, எதற்கென்று நினைவில்லை. ஒருத்தி குக்கரை வைத்துக்கொள்கிறாள். மற்றவள் மூடிமேல் போடும் வெயிட்டை எடுத்து ஒளித்துவிடுகிறாள். இவளிடம் பாத்திரம், அவளிடம் வெயிட். இரண்டு வீட்டிலும் பருப்பு வேகவில்லை. கடைசியில் ரயில்வே கேட் பக்கம் ஒரு அறை பார்க்கிறார்கள். வீட்டுக்கார அம்மாள், 'ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?' என்று கேட்கிறாள். ஒருத்தி 'ஆமா' என்கிறாள், அதே நொடியில் மற்றவள் 'இல்ல' என்கிறாள். அம்மாள் இருவரையும் பார்த்துவிட்டு, 'சரி, தண்ணி காலைல ஆறு மணிக்கு வரும். பிடிச்சு வெச்சுக்குங்க' என்கிறாள். கதை அத்துடன் முடிகிறது.

முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாகியும் இவ்வளவு நினைவிருக்கிறது என்பதே ஒரு விமர்சனம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

நான் எழுதிய கடிதமும் நினைவிருக்கிறது. அது மறந்துபோயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் எடுத்துக்கொண்ட விஷயம் கனமானது, கதையோ லேசாக மிதக்கிறது என்று எழுதினேன். இந்த ஊரில், இந்தச் சமூகத்தில் இது இப்படி நடக்குமா? ஊர் சும்மா விடுமா? ஒருத்திக்காவது கல்யாணம் நிச்சயமாக வேண்டாமா? யதார்த்தம் கோருகிற முடிவை எதிர்கொள்ளத் துணியாமல் வேடிக்கையில் ஒளிந்துகொண்டுவிட்டீர்கள் என்றேன். கேட்டுக்குப் பக்கத்தில் அறை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தண்டவாளத்தைக் கதை பயன்படுத்திக்கொள்ளவே இல்லையே என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதியபோது கூர்மையான யோசனை என்று எனக்குள் திருப்தி இருந்தது. அதைத்தான் இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பத்து நாளில் ஒரு கார்டு வந்தது. 'தண்டவாளம் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கதையிலும் வேண்டுமா?' கையெழுத்து இல்லை. பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. எங்கள் பத்திரிகைக்கு மட்டுமல்ல, வேறெங்கும் அந்தப் பெயரை நான் பார்க்கவில்லை.

*

'இது நடக்குமா?' என்று நான் கேட்டது 1988இன் தொடக்கத்தில். ஏறக்குறைய அதே சமயம் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஆயுதப்படைக் காவலர்களாக இருந்த இரண்டு பெண்கள் 1987 டிசம்பரில் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டார்கள், வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள் என்று. நானும் படித்தேன். வேலை போனதை என் வாதத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். கல்யாணம் நடந்தது என்கிற பாதி என் கண்ணில் படவில்லை. நடந்த விஷயத்தை வைத்துக்கொண்டே நடக்காது என்று நிரூபிக்கிற சாமர்த்தியம் அந்த நாளில் எங்களுக்கு இருந்தது.

எங்கள் தலைமுறையின் அளவுகோல் கனம். துக்கமாக இருந்தால் ஆழம், சிரிப்பாக இருந்தால் மேலோட்டம். இத்தனைக்கும் நாங்கள் வழிபட்ட புதுமைப்பித்தன் கடவுளைக் கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க அனுப்பியவர். அதை மேற்கோள் காட்டுவோமே தவிர, அதிலிருந்து பாடம் எதுவும் எடுத்துக்கொண்டதில்லை. அதிலும் பெண்களின் ஆசை என்று வந்துவிட்டால் எங்களுக்குப் பிணம் தேவைப்பட்டது. கிணறு, தூக்கு, மண்ணெண்ணெய், தண்டவாளம், இவற்றில் ஒன்றில் முடிந்தால்தான் அனுதாபம் சுரக்கும். ஒழுக்கவாதிகளுக்கு நாங்கள் எதிரிகள். ஆனால் அவர்கள் விதித்த தண்டனையையே நாங்களும் விதித்தோம். அவர்கள் கோபத்தோடு விதித்தார்கள், நாங்கள் கண்ணீரோடு. செத்தது என்னவோ அதே பெண்தான்.

*

அந்த ஆங்கில நாவலுக்குத் திரும்புகிறேன். அந்த லேசுத்தன்மை அவர்களுக்குப் பிறப்பிலேயே வந்ததல்ல. ஆண்களை ஜெயிலுக்கு அனுப்பிய இங்கிலாந்தின் சட்டம் பெண்கள் விஷயத்தில் வாய் திறக்கவில்லை. 1921இல் பெண்களையும் சேர்க்க ஒரு திருத்தம் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டது. கருணையினால் அல்ல. சட்டத்தில் எழுதிவைத்தால், இப்படியும் ஒன்று உண்டென்று அறியாத ஏராளமான பெண்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும் என்று பிரபுக்கள் பயந்தார்கள். 1928இல் ராட்க்ளிஃப் ஹால் எழுதிய 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' ஆபாசம் என்று கோர்ட்டில் தீர்ப்பாகித் தடைசெய்யப்பட்டது. பெயரிலேயே தனிமையைச் சுமந்த, துக்கம் கனத்த நாவல். அதே வருஷம் வர்ஜீனியா வுல்ஃப் தன் சிநேகிதி வீட்டா ஸாக்வில் வெஸ்ட்டை மனத்தில் வைத்து 'ஆர்லாண்டோ'வை எழுதினார். நாயகன் நடுவில் பெண்ணாகி, சில நூற்றாண்டுகள் வாழ்கிற விளையாட்டு. அதை யாரும் தொடவில்லை. கனமானது பிடிபட்டது, லேசானது காவலைத் தாண்டிப் போய்விட்டது. இதை நான் அந்த நாளிலேயே அறிந்திருந்தேன், வுல்ஃபைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியும் இருந்தேன். ஆம்பூர்க் கதையோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நிஜமாகவே ஆங்கிலக் கிராமத்தில் வாழ்ந்த ஜோடியும் உண்டு. ஸில்வியா டௌன்ஸெண்ட் வார்னர் நாவலாசிரியை, வாலண்டைன் ஆக்லண்ட் கவி. டார்ஸெட் பிராந்தியத்தில் சால்டன் என்கிற குக்கிராமம். 1930இல் ஸில்வியா அங்கே ஒரு சிறு வீட்டை வாங்கினார், வாலண்டைன் அதில் குடிவந்தார். பாதிரியார் பங்களாவில் வேலைக்காரச் சிறுமிகள் கொடுமைப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் போய்த் தட்டிக்கேட்டார்கள். அதே நாள் ராத்திரி, மெல்லிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் வாலண்டைன் ஏதோ சொல்ல, இந்தப் பக்கம் படுத்திருந்த ஸில்வியா எழுந்து போனார். 1969இல் வாலண்டைன் சாகும்வரை இருவரும் பிரியவில்லை. அந்தச் சிறுமிகள் விஷயத்தில் பின்னால் மானநஷ்ட வழக்கில் தோற்றுப் பணம் கட்டினார்கள். கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்கள், உள்நாட்டுப் போரின்போது ஸ்பெயினுக்குப் போனார்கள். இடையில் வேறொரு பெண் வந்து இருவரும் நொந்ததும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் ஸில்வியாவின் எழுத்து சிரிப்பை விடவில்லை. அவருடைய முதல் நாவல் 'லாலி வில்லோஸ்' 1926இல் வந்தது. அண்ணன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ளிய கல்யாணமாகாத பெண் ஒருத்தி, ஒருநாள் கிராமத்துக்குத் தனியே குடிபோய், சூனியக்காரியாகி நிம்மதியடைகிற கதை அது.

அந்தச் சிரிப்பு எதன்மேல் நின்றது? சொந்த வீட்டின்மேல். எழுத்தில் வந்த பணத்தின்மேல். உள்ளேயிருந்து தாழ்போட முடிகிற ஒரு கதவின்மேல். நான் ஆம்பூர்க் கதையைத் திருப்பி அனுப்பிய அதே 1988இல்தான் பிரிட்டனில், உள்ளாட்சி அமைப்புகள் ஒருபால் உறவை 'ஊக்குவிக்க'க் கூடாதென்று சட்டம் வந்தது. 2003இல்தான் இங்கிலாந்தில் அது நீங்கியது. ஒருபாலர் கல்யாணச் சட்டம் 2013. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் கேக் போட்டி சாத்தியமாகிறது. அந்தக் கிராமம் சொகுசாக இருக்கலாம். அந்தச் சொகுசுக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். என் கோபத்தில் பாதி அங்கேயே தணிந்துவிட்டது.

*

இன்னொரு பாதி உள்ளூர் சம்பந்தப்பட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வியாபாரத்தோடு உருதுவும் உண்டு. தோல் ஷாப்பு ஒன்றில் கணக்கெழுதி ஓய்ந்த பெரியவர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்தை அறிந்தவர், குரோமியத்துக்கு ஊர் மாறியதையும் பார்த்தவர். அவரிடம் பெயர் சொல்லாமல் குக்கர் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, 'இது உங்களுக்குப் புதுசா?' என்றார். அவர் சொல்லித்தான் ரேக்தியைப் பற்றி அறிந்தேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் லக்னோ பக்கம் செழித்த கவிதை வகை அது. ஆண் கவிகள் பெண் குரலில், அந்தப்புரத்துப் பேச்சு மொழியில் எழுதினார்கள். ரங்கீன், இன்ஷா என்று பெயர் பெற்றவர்கள். அதில் பெண்ணும் பெண்ணும் கொள்கிற காதலுக்குத் தனிச் சொற்களே உண்டு. ஒரே ஓட்டுக்குள் இரட்டைப் பருப்பாக இருக்கும் பாதாமை இருவர் பங்கிட்டுத் தின்றால் அவர்கள் 'தோகானா'. கோழியின் நெஞ்செலும்பை ஆளுக்கொரு முனை பிடித்து ஒடித்தால் 'ஜனாகி'. நகை, துணி, பொறாமை, ஊடல், கேலி. அழுகை குறைவு.

பிறகு வந்த விமர்சகர்கள் அதை ஆபாசம், இலக்கியத்துக்கு இழுக்கு என்று ஒதுக்கினார்கள். தொகுப்புகளிலிருந்து தூக்கினார்கள். ஆண்கள் எழுதியது, அதில் ஆண்களின் கிளுகிளுப்பும் கலந்திருக்கிறது என்பது உண்மைதான். ஒதுக்கியவர்களின் காரணம் அதுவல்ல. இந்த விஷயம் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்பதுதான் அவர்களுடைய சங்கடம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியவர் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' கதையையும் சொன்னார். 1942இல் வெளிவந்து, லாகூர் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்ட கதை. ரஜாய்க்கு அடியில் என்ன நடக்கிறதென்று புரியாத ஒரு சிறுமி சொல்வதாக அமைந்தது. கோர்ட்டில் சாட்சிகளால் ஆபாசமான சொல் இதுவென்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியவில்லை. அங்கேயும் காப்பாற்றியது விளையாட்டுத்தனம்தான்.

ஆக, லேசுத்தன்மை இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாக வேண்டிய சரக்கல்ல. நம் மண்ணில் இருந்தது. என்னைப் போன்றவர்கள் திருப்பி அனுப்பினோம்.

வேலூரை எடுத்துக்கொள்வோம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் பிறந்தது ராணிப்பேட்டையில். அமெரிக்காவிலிருந்து வந்த அவருடைய சிநேகிதி கெர்ட்ரூட் டாட், தன் சொந்தப் பணத்தில் வாழ்ந்து, சம்பளம் வாங்காமல் அந்தப் பள்ளிக்கு உழைத்தார். தம் வாழ்நாளின் கடைசிவரை, பல பத்தாண்டுகள், ஐடாவின் வீட்டையே தம் வீடாகக் கொண்டார். அதற்கு ஊர் வைத்த பெயர் சிநேகிதம். அதற்கு மேல் ஒரு பெயர் வைக்க எனக்கு ஆதாரமும் இல்லை, உரிமையும் இல்லை. நான் கவனிப்பது வேறு. இரண்டு பெண்கள் ஆயுசு முழுக்க ஒரே வீட்டில் இருப்பது இந்த ஜில்லாவில் கண்ணுக்கெதிரே நடந்திருக்கிறது, யாரும் ஆச்சரியப்படவில்லை. வெள்ளைக்காரிகள், படித்தவர்கள், பணமுள்ளவர்கள் என்பதால் ஊர் விட்டுவிட்டது. தோல் சீவுகிறவளும் தைக்கிறவளும் அதே மாதிரி ஒரு அறை கேட்டபோது நான் தண்டவாளத்தைக் காட்டினேன்.

*

'வேலூர்' என்கிற பெயர் சட்டப் புத்தகங்களில் முன்பே ஏறிய பெயர். தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றைக் கெடுத்ததற்காக 1996இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்கிற கொள்கை அதில் நிலைபெற்றது. இப்போது இன்னொரு தீர்ப்பிலும் அந்தப் பெயர் வருகிறது. 2025 மே 22 அன்று, நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழங்கியது. எதிர்மனுதாரர்களில் வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஒருவர். ஊர் குடியாத்தம். ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம்.

ஒரு பெண்ணை அவளுடைய வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள், மீட்டுத் தர வேண்டும் என்று இன்னொரு பெண் போட்ட ஆட்கொணர்வு மனு. மனுவில் தன்னை நெருங்கிய தோழி என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தார். அந்தத் தயக்கம் தங்களுக்குப் புரிகிறதென்று நீதிபதிகள் எழுதினார்கள். வீட்டில் இருந்த பெண்ணை அழைத்துக் கேட்டார்கள். அடித்ததையும், 'சரிப்படுத்த' சடங்குகள் செய்ததையும், தோழியோடு போகவே விரும்புவதையும் அவர் சொன்னார். போகலாம் என்று விட்டார்கள். கல்யாணம் ஒன்றுதான் குடும்பம் அமைவதற்கு வழியென்று இல்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றார்கள். மகனை அப்படியே ஏற்றுக்கொண்ட நீதிபதி லீலா சேத்தை நினைவுகூர்ந்து, எல்லாத் தாயும் அப்படி ஆகிவிட முடியாது என்று தாயின் பக்கத்தையும் பார்த்தார்கள். இவர்களைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்குகிற ஒரு சொல்லுக்கு அகராதியில் 'விசித்திரம்' என்று பொருள் இருக்கிறதே, அவர்களுக்கு இயல்பானதை ஏன் விசித்திரம் என்பது என்றும் கேட்டார்கள். உதவி கேட்டபோது மெத்தனமாக இருந்த போலீஸைக் கண்டித்தார்கள்.

தீர்ப்பின் தலைப்பில் மனுதாரருக்குப் பெயரில்லை, இரண்டு எழுத்துதான். படித்ததும் எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்பது அகத்தின் விதி. பெயர் சொன்னால் அது புறமாகிவிடும். கோர்ட் தன் காரணத்துக்காகப் பெயரை மறைத்தது. ஆனால் அந்த மறைப்பில் இவர்கள் கைக்கிளையிலிருந்தும் பெருந்திணையிலிருந்தும் நகர்ந்து, நடுவில் இருக்கிற திணைகளுக்குள் வந்துவிட்டதுபோல எனக்குப் பட்டது. இன்னொன்றும் தோன்றியது. தலைவிக்கு வேறிடத்தில் மணம் பேசும்போதும், வெறியாட்டு எடுக்கும்போதும், தோழி முன்வந்து உள்ளதை வீட்டாருக்குச் சொல்வாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். சரிப்படுத்துகிற சடங்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தோழி அன்று வேறொருவன் காதலுக்காக நின்றாள். குடியாத்தத்து வழக்கில் தோழி தன் காதலுக்காகவே நின்றாள். இரண்டாயிரம் வருஷமாகத் தோழிக்கு இந்த ஒரு பேச்சை மட்டும் நாம் கொடுக்கவில்லை.

2021இல் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்ததையும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் தனக்குச் சரியான புரிதல் இல்லை, தனக்கும் முன்முடிவுகள் இருந்தன என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு உத்தரவு எழுதினார். ஒரு நீதிபதிக்கு இது முடிந்திருக்கிறது. விமர்சகர்களாகிய நாம் யாரிடமும் போய் உட்கார்ந்து கேட்டதாக எனக்கு நினைவில்லை. நமக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

*

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அந்த ஆங்கில நாவல் நல்ல நாவல் என்று சொல்ல வரவில்லை. அதன் லேசுத்தன்மை பரம்பரைச் சொத்து மாதிரி. தேடாமல் கிடைத்தது, அதனால் அதில் ருசியும் குறைவு. குக்கர் கதையின் லேசுத்தன்மை அப்படிப்பட்டதல்ல. பின்வாசலில் தண்டவாளத்தை வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அதைக் கதைக்குள் விடமாட்டேன் என்று ஒருவர் எடுத்த முடிவு. துக்கம் தெரியாமல் வந்த சிரிப்பு அல்ல, துக்கத்துக்கு வழி மறித்த சிரிப்பு. இந்த வித்தியாசத்தைக் கண்டு சொல்வதற்குத்தான் விமர்சனம் என்று ஒன்று இருக்கிறது. கதையில் வெயிட் இல்லை என்று நினைத்தேன். வெயிட் இன்னொருத்தி கையில் இருந்தது என்பதுதான் கதையே.

ஆம்பூர் அந்த நாளில் வட ஆற்காடு மாவட்டம். இன்று திருப்பத்தூர் மாவட்டம். காலையில் கம்பெனி பஸ்கள் இன்றும் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகின்றன. ஜன்னலோரம் தோளில் சாய்ந்து தூங்குகிற தலைகளை நின்று பார்க்கிறேன். யார் யாருக்கு யார் என்பது எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எங்கேயாவது ஒரு மடியில் துண்டில் சுற்றிய பாத்திரம் இருக்கிறதா என்று மட்டும் கண் தேடுகிறது.

அண்ணன் மகளுக்குப் பதில் எழுதியாக வேண்டும். அவளும் அவள் சிநேகிதியும் பெங்களூரில் ஒரே வீட்டில் இருந்து ஏழு வருஷமாகிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. புத்தகத்தைக் கொடுத்து 'படிச்சுட்டுச் சொல்லுங்க' என்றவள் எதைப் பற்றிச் சொல்லச் சொன்னாள் என்று புரிய எனக்கு மூன்று வாரமாயிற்று. முதலில் நாவலை விமர்சித்து இரண்டு பக்கம் எழுதினேன். பாத்திரங்களில் ஆழமில்லை, முரண் போதவில்லை என்றெல்லாம். படித்துப் பார்த்தபோது கை நின்றுவிட்டது. 1988இல் எழுதிய கடிதம் அப்படியே திரும்பி வந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு ஒரு கார்டு எழுதினேன். புத்தகம் பிடித்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இரண்டு பேரும் வீட்டில் இருங்கள். ஆம்பூரிலிருந்து பிரியாணி வாங்கி வருகிறேன், கத்தரிக்காயும் தனியாக. பருப்பு மட்டும் நீங்கள் வேகவையுங்கள்.

அந்தக் கதையை எழுதியவர் இந்தப் பக்கங்களைப் பார்க்க வாய்ப்பு குறைவு. பார்த்தால்: கதை நன்றாக இருந்தது. அப்படியே போட்டிருக்க வேண்டும். முடிவை மாற்ற வேண்டியதில்லை.